மங்கல் ஒன்று

இந்த நாட்டில் வாடகை வீட்டுக்குள் நுழைய
மூன்று கடிதம் போதும்.
வெளியேறத்தான்
இரண்டு வாரம் முழங்காலில் நிற்கவேண்டும்.

மறுநாள் எட்டு மணிக்குத் திருமதி அஃபோல்டர் வருவார்,
குழாயின் கழுத்தில் நகம் வைத்துச் சுரண்டிப் பார்ப்பார்
என்று மூன்றாம் மாடி யோகராணி சொல்லியிருந்தாள்.
அவளுக்கு ஷவரில் மட்டும் எண்பது பிராங்க் போனது.

சோலோத்தூர்ன் தண்ணீர் மலைக்குள் நடந்து வருகிற தண்ணீர்.
வரும் வழியில் மலையைக் கொஞ்சம் கரைத்து
மடியில் கட்டிக்கொண்டு வரும்.
கொதிக்கும்போது மடி அவிழும்.
ஒன்பது வருஷத் தேநீர்
கேத்தலின் அடியில் ஓடு கட்டியிருந்தது.

வினிகர் அல்ல, அதன் தாய்ச்சாறு.
இருபத்தைந்து சதவீதம், மூக்கைப் பிடுங்கும்.
ஊற்றினேன்.
ஒரு கணம் ஒன்றுமில்லை.
பிறகு சீறல்,
தூரத்து ஓட்டுக்கூரையில் மழை தொடங்குவதுபோல்.

குகநேசன் அடுத்த அறையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.
"என்ன சத்தம்?"
"சுண்ணாம்பு போகுது."
"எங்கே போகுது?"
அப்போது பதில் சொல்லவில்லை.

குழாய்க்குத் துணியை நனைத்துச் சுற்றினேன்,
காய்ச்சல்காரன் நெற்றிக்குச் சுற்றுவதுபோல்.
ஷவர் தலையைப் பைக்குள் போட்டு முடிந்தேன்.
கழிப்பறையின் வளையம், கண்ணாடிக் கதவின் வெண்புள்ளிகள்,
எல்லாம் சீறிச் சீறிப் போயின.
வெற்றி தலைக்கேறி
குப்பியை ஜன்னல் விளிம்புக் கல்லில் வைத்தேன்.
அடி ஈரமாயிருந்தது.

எடுத்தபோது
கல் மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது.
சோடா மாவைத் தூவினேன்.
அதுவும் சீறியது, யார் பக்கம் என்று தெரியாமல்.
கழுவித் துடைத்துக் காய்ந்ததும் பார்த்தேன்:
பளபளத்த சாம்பல் கல்லில்
குப்பியடி அளவு மங்கல் வட்டம்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.
அமிலத்துக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது.
இது கறை, இது கல் என்று
நான்தான் பிரித்து வைத்திருந்தேன்.
அதற்கு இரண்டு கண்ணிலும் சுண்ணாம்புதான்.

இரவு இரண்டு மணிக்கு நெஞ்சில் புளிப்பு ஏறியது.
பத்து நாளாய் ரொட்டியும் ஊறுகாயும் கவலையும்.
கைப்பையில் கிடந்த வெள்ளை மாத்திரையை மென்றேன்,
புதினா மணக்கும் சுண்ணக்கல் பொடி.
யாரும் வந்து நகம் வைத்துப் பார்க்காத ஒரு பாத்திரத்தில்
அதே சீறல் நடந்திருக்கவேண்டும்.
ஏப்பம் வந்தது.
"எங்கே போகுது என்று கேட்டாயே, இங்கேதான்"
என்று குகநேசனை எழுப்பிச் சொன்னேன்.
அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.

திருமதி அஃபோல்டர் ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார்.
குழாயில் நகம் வைத்தார். நகம் வழுக்கியது.
கேத்தல் எங்களுடையது; ஆனாலும்
அதைத் திறந்து காட்ட ஆசையாயிருந்தது.
பிறகு ஜன்னல்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குனிந்து,
கன்னத்தைக் கல்லோடு ஒட்டி
வெளிச்சத்தைச் சாய்வாகப் பார்த்தார்.
"வினிகர்."
வட்டத்துக்குள் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.
பளபளப்பு இருந்தவரை தெரியாத
ஒரு சிப்பியின் விளிம்பு, நகக்கண் அளவு,
கல்லைவிடச் சற்றே உயர்ந்து நின்றது.
"இந்த ஊர்க் கல். ஒரு காலத்தில் கடல்."
படிவத்தில் எழுதினார்: மங்கல் ஒன்று.
நூற்றிருபது பிராங்க்.

கையெழுத்துப் போட்டேன்.
பதினைந்து கோடி வருஷம் கல்லுக்குள் கிடந்த மூச்சு
நேற்று இரவு இந்தச் சமையலறையில் வெளியே வந்தது.
முதலில் இழுத்தவள் நான்.
மலிவுதான்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது
குகநேசன் கேட்டான்,
"புது வீட்டில் ஜன்னல் விளிம்பு என்ன?"
"பிளாஸ்டிக்."
நிம்மதியாகச் சிரித்தான்.
நான் கேத்தலை இந்தக் கையிலிருந்து
அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.